மகன் கையில் நான் கட்டிய காப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் கோபுரத்தைக் கட்டியது நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சந்தா சேர்த்தவர்கள் இருக்கிறார்கள், சிமெந்து மூட்டை அனுப்பிய அரசியல்காரர்கள் இருக்கிறார்கள், திறப்பு விழாவில் கழுத்து நிறைய மாலை வாங்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆடி மாதத்து மழையில் சாரத்தில் ஏறி நின்று கரண்டி பிடித்தது இந்தக் கை. இரண்டாம் நிலையில் கால் வழுக்கி விழுந்து, இடுப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு மூன்றாம் நாள் மறுபடி ஏறியதும் நான்தான்.

கோபுரத்தோடு நிற்கவில்லை. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவின் சுவர் இடிந்த வருசம், நாலே நாளில் அதை எழுப்பிக் கொடுத்தேன். தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் மேல் லயத்துக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டினேன். மண் சரிந்து மூன்று வீடு போன இடத்தில் கல் அணை கட்டினேன். உள்ளே ஊறும் தண்ணீர் வெளியேறுவதற்கு இடையிடையே குழாய் வைத்துக் கட்டினேன். குழாய் வைக்காமல் கட்டிய அணை இரண்டாம் மழைக்கே வயிறு தள்ளிவிடும். என் அணை இன்னும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். ஹட்டன் டவுனில் மூன்று கடை. வட்டவளையில் ஒரு கல்யாண மண்டபம். எனக்கென்று நாலு அறையும் மேலே கொங்கிரீட் ஸ்லப்பும் போட்ட வீடு. ஒரே காம்பராவில் எட்டுப் பேர் படுத்து எழும்பிய லயத்தில் பிறந்தவன் நான். ஸ்லப் போட்ட வீட்டில் படுத்த முதல் நாள் மழைச் சத்தம் கேட்கவில்லையே என்று விடியும் வரை விழித்துக்கொண்டிருந்தேன்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் படித்ததெல்லாம் தூக்குக் குண்டிலும் மட்டப் பலகையிலும். பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள்களை நிறுத்தி வேலை பிரிக்கும் இடத்தில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா என் பெயரைக் கூப்பிட்டுப் புல்லு வெட்ட அனுப்பியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அங்கிருந்து பங்களாவில் சுவர் பூச வந்த சிங்கள மேசன் பாஸுக்குச் சாந்து குழைக்கப் போனேன். ஒருவரும் கை தூக்கிவிடவில்லை. இதை எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்தட்டும். சொன்னதை மட்டும் மாற்ற வேண்டாம்.

வருகிற தை மாதம் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். அதற்கு ஒரு மலர் அச்சடிக்கிறார்கள். கோயில் சபைத் தலைவர், எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார், வீடு தேடி வந்தார். "பெரியப்பா, நீங்க கட்டினதெல்லாம் ஒண்ணு விடாம எழுதித் தாங்க. மொதப் பக்கத்துல போடுறோம்" என்றார்.

ஒன்று விடாமல் என்றார். அப்படியானால் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு வருசத்துக்கு முன்னால் பங்குனித் திருவிழாவில் என் மகன் கையில் நான் காப்புக் கட்டினேன்.

எங்கள் தோட்டத்துக் காப்பு என்பது ஒரு துண்டு மஞ்சள் கிழங்கும் வேப்பிலையும் வைத்து முடிந்த மஞ்சள் கயிறு. திருவிழா தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை கட்டி, ஏழாம் நாள் அவிழ்ப்பார்கள். அதுவரைக்கும் மச்ச மாமிசம் இல்லை, குடி இல்லை. தோட்டத்து எல்லையைத் தாண்டவும் கூடாது. மேலே தேயிலை அரைக்கும் ஸ்டோர், கீழே நோர்வூட் ரோட்டில் ஏறும் பாலம். அதற்குள்தான் இருக்க வேண்டும். தாண்டினால் அம்மா சும்மா விடமாட்டாள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தக் காப்பை நான் ஏன் அவ்வளவு நம்பினேன் என்று சொல்லவேண்டும். நானும் குடித்தவன். எதைச் செய்தாலும் மற்றவனுக்கு மேலே செய்வேன், குடியிலும் அப்படித்தான். மகனுக்கு ஏழு வயது இருக்கும்போது என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். கொழுந்துக் கூலியில் ஸ்லப் போட முடியாது, போகச் சொன்னது நான்தான். அவள் புறப்பட்ட காலையில் மகன் அவள் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். "ரெண்டு வருசந்தான்டா தங்கம். கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். திரும்பி வர நாலு வருசம் ஆனது. அந்த நாலு வருசமும் தோட்டத்துக்குள் எந்த வேன் வந்தாலும் அவன் பாலம் வரைக்கும் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

மழைக் காலத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டும். கொத்தமல்லித் தண்ணீரில் போத்தல் மூடியால் ஒரு மூடி சாராயம் ஊற்றிக் கொடுப்பேன். எங்கள் பக்கத்தில் பல வீட்டிலும் செய்கிற வேலைதான். மற்றவர்கள் சளிக்குக் கொடுத்தார்கள். நான் சளி இல்லாத நாளிலும் கொடுத்தேன். அவன் அம்மாவைக் கேட்டு அழாமல் தூங்க வேண்டும், நான் கூட்டாளிகளோடு உட்கார வேண்டும். பிறகு பிறகு அவனே மூடியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். "எம் மகன் ரெண்டு மூடி அடிச்சாலும் ஆடமாட்டான்டா, எங்க, நடந்து காட்டுறா" என்பேன். அவன் சுவரோரமாக நேராக நடந்து காட்டுவான். எல்லோரும் கைதட்டுவார்கள். அவனும் சிரிப்பான். கைதட்டு வாங்குவதற்கு அவனுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. வேறு நாட்களில் நான் வேலையில் இருந்தேன், என் கையில் மட்டப் பலகைதான் இருந்தது.

அவள் திரும்பி வந்து, பதினொரு வயதுப் பையன் மூடி கழுவுவதைக் கண்டாள். மறுபடியும் பெட்டியை அடுக்கத் தொடங்கினாள். பயந்துபோய் அந்த வருசத் திருவிழாவில் காப்புக் கட்டினேன். அவிழ்த்த பிறகும் குடிக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு சொட்டுத் தொட்டதில்லை. இது பெரிய காரியம்தான், இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நானும் அதைச் சும்மா விடவில்லை. கல்யாண வீட்டில் சொல்வேன், சாவு வீட்டில் சொல்வேன், திருவிழாவில் மைக் பிடித்துச் சொல்வேன். "ஒத்தக் காப்பு. ஒரே ஒரு காப்பு. விட்டேன் பாருங்க" என்று ஆரம்பித்தால் என் மகன் எழுந்து வெளியே போய்விடுவான். அந்தக் கதையில் மூடி வராது. அவனுக்குத் தெரியும்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்பில் ஒரு துணிக்கடைக்குப் போனான். பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை நின்ற காலத்தில் கடையில் ஆள் குறைத்தார்கள், திரும்பி வந்தான். ஹட்டனில் ஆட்டோ ஓட்டினான். ஆள் மெலிந்துகொண்டே போனான். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே கண் செருகும். கூப்பிட்டால் மூக்கைச் சொறிந்துகொண்டு சிரிப்பான். ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு அலுப்பு இருக்கும்தானே என்று விட்டுவிட்டேன். சுவர் அரை விரல் சாய்ந்தால் தூரத்தில் நின்றே சொல்லக்கூடிய கண் என்னுடையது.

ஒரு நாள் காலை மனைவி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே முழுவதும் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள்.

"இது என்னான்னு பாருங்க. எல்லாத்துலயும் கருகின கோடு இருக்கு."

"சிகரெட்டு குடிக்கிறான் போல."

"சிகரெட்டு குடிக்கிறவன் தாளையா எரிப்பான்?"

மகனைக் கூப்பிட்டேன். டின்னைப் பார்த்தான். பொய் சொல்லவில்லை. "தூள்ப்பா. ஹெரோயின். கொழும்புல இருக்கும்போதே. ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. சில நாளு மாத்திரையும் போடுவேன்" என்றான்.

அடிக்கக் கை ஓங்கினேன். அவன் விலகவில்லை. அப்படியே நின்றதால் கை இறங்கிவிட்டது.

"ஏன்டா, ஒனக்கு என்னா கொறை வச்சேன்? இந்தத் தோட்டத்துல எவன் வீட்டுல ஸ்லப் இருக்கு?"

"கொறையெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. அத இழுத்தா ஒண்ணும் கேக்காது. அவ்வளவுதான்."

"நான் விடலயா? ஒத்தக் காப்பு..."

"நீங்க விட்டது சாராயம்ப்பா. இத விட்டா எலும்புக்குள்ள இருந்து கூப்புடுது. மூணு தடவ விட்டுப் பாத்தேன். மொத நாளு கொட்டாவியும் மூக்குத் தண்ணியும். ரெண்டாம் நாளு ஒடம்பெல்லாம் உதறும். அப்பறம் எவன் கால்ல விழுந்தாவது வாங்கிருவேன்."

இதை அவன் என்னிடம் சொன்னான். என் வீட்டு நடுவே, பட்டப்பகலில், இரண்டு காதும் நன்றாகக் கேட்கும் மனிதனிடம் சொன்னான். பிற்பாடு எனக்குத் தெரியாது என்று நான் சொன்னதெல்லாம் பொய்.

அந்த வாரமே, சாமான் வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அம்மாவும் மகனும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார்கள். அங்கே ஒரு சிங்கள டாக்டர் அம்மா, தமிழ் கொஞ்சம் பேசுவார். அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லி ஒரு கிளினிக் அட்டை கொடுத்திருந்தார். வார்டில் வைத்து மருந்தோடு நிறுத்த வேண்டும், அப்பாவும் கூட வந்தால் நல்லது என்று சொன்னாராம். வீட்டில் யாராவது குடிப்பார்களா என்று கேட்டாராம். "அவங்க அப்பா குடிச்சாரு, விட்டுட்டாருன்னு சொன்னேன்" என்றாள் மனைவி. மகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

நான் முடியாது என்றேன். அந்த வார்டில் பக்கத்துத் தோட்டத்துக்காரன் வேலை செய்கிறான். செவ்வாய் காலை என் மகன் உள்ளே படுத்தால் அன்று மத்தியானம் நோர்வூட் பஸ்ஸே பேசும். கோபுரம் கட்டினவன் மகன் தூள்காரன் என்று பேசும்.

"ஞாயித்துக்கெழம காப்பு. அவனும் கட்டட்டும்" என்றேன்.

"ஞாயித்துக்கெழம கட்டினா செவ்வாக்கெழம எல்லை தாண்ட முடியாதே. ஆஸ்பத்திரிக்கி எப்புடிப் போறது?"

"அதுக்குத்தான் கட்டுறது. போகவே வேணாம்."

"என்னங்க, இது சாமி காரியமில்லங்க. ஒடம்புக் காரியம்."

"நான் எந்த டாக்டருகிட்டப் போயி விட்டேன்? வாய மூடு."

மகன்தான் இடையில் வந்தான். அவன் குரல் இன்னும் என் காதில் அப்படியே இருக்கிறது. "விடும்மா. கட்டிக்கிறேன். இவரு சொல்ற கதையில ஒரு தடவையாச்சும் நானும் இருந்துட்டுப் போறேன்" என்று சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "ஆனா ஒண்ணுப்பா. முடியலன்னா ஒங்ககிட்டதான் சொல்லுவேன். சொன்னா அந்த எடத்துல இருந்தே கூட்டிட்டுப் போகணும். காப்பு, எல்லை, ஒண்ணும் பேசக் கூடாது. சரியா?"

"சரி" என்றேன்.

"சரியாப்பா?"

"சரின்னு சொல்லிட்டேன்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை பூசாரி காப்புக் கயிற்றைத் தட்டில் நீட்டினார். வழக்கப்படி அவர்தான் கட்ட வேண்டும். நான் கட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கோயிலைக் கட்டியவனுக்கு அந்த உரிமை இல்லையா என்று கேட்டேன், எல்லோரும் சிரித்து ஒத்துக்கொண்டார்கள். மகன் மணிக்கட்டு குச்சி மாதிரி இருந்தது. சாரம் கட்டுகிற முடிச்சுத்தான் போட்டேன். என் முடிச்சு அவிழாது.

திங்கட்கிழமை அவன் சொன்ன மாதிரியே கொட்டாவி, மூக்கில் தண்ணீர். கோயிலுக்குப் பின்னால் சாமான் வைக்கும் அறையில் சாக்கு விரித்துப் படுத்திருந்தான். வேர்க்கிறது என்று போர்வையைத் தள்ளுவான், குளிர்கிறது என்று இழுப்பான். தின்றதெல்லாம் வெளியே வந்தது. மனைவி பக்கத்திலேயே இருந்தாள். நான் பந்தல் வேலையில் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை கரகம் தோட்டம் சுற்றி வருகிற நாள். மத்தியானம் கரகம் கோயில் வாசலுக்கு வந்தபோது தப்பு முழங்கியது. மேல் லயம், கீழ் லயம், பக்கத்துத் தோட்டம் என்று வாசல் நிறைந்த கூட்டம். அந்த நேரத்தில் என் மகன் அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். என்னைத் தேடித்தான் வந்தான். அது எனக்கு அப்போதே தெரியும். கூட்டத்துக்குள் கண்ணால் துழாவிக்கொண்டு வந்தவன், தப்புக்காரர்கள் பக்கத்தில் கால் மடங்கி விழுந்தான். தோள் குலுங்கியது, பல் கிட்டியது, கையில் மயிர் குத்திட்டு நின்றது. உடம்பு முழுவதும் வேர்வை.

"அம்மா வந்துட்டா" என்றாள் ஒரு கிழவி. உடனே பெண்கள் குலவை போட்டார்கள். தப்பு இன்னும் வேகமாக முழங்கியது.

நான் ஓடிப் போய் அவனைத் தாங்கிப் பிடித்தேன். பூசாரி விபூதித் தட்டோடு வந்தார். அவர் நாற்பது வருசமாகச் சாமியாடிகளைப் பார்த்தவர். குனிந்து மெதுவாகக் கேட்டார். "என்னண்ணே, சாமிதானா? இல்ல பையனுக்கு ஒடம்புக்கு முடியலயா?"

அதே நேரம் மகன் என் சட்டைக் காலரைப் பிடித்துக் காதை இழுத்துக்கொண்டான். "அப்பா. முடியலப்பா. சொன்னீங்கள்ல. கூட்டிட்டுப் போங்க."

அம்மன் இறங்கிய உடம்பு என்னை அப்பா என்று கூப்பிடாது. இதை விளக்க எனக்கு வாத்தியார் தேவையில்லை.

எதிர்ப் பக்கத்தில் என் மனைவி நின்றாள். கையில் ஒரு துணிப் பை. அதற்குள் அவன் மாற்றி உடுத்த ஒரு சாரமும் கிளினிக் அட்டையும் இருந்தன என்று பிறகுதான் தெரியும். செவ்வாய்க்கிழமை என்பதை அவள் மறக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரப் பார்த்தாள். "சாமி வந்த ஒடம்புடி, தொடாத" என்று இரண்டு பேர் அவளை இழுத்து நிறுத்தினார்கள்.

நான் தலையை நிமிர்த்தினேன். முந்நூறு நானூறு பேர். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் என் கோபுரம். என் மகனுக்குத் தூள் வியாதி, ஒரு வாகனம் கொண்டுவாங்க என்று சொல்ல வேண்டியது. ஒரே வரி.

"அம்மாதான். மஞ்சத் தண்ணி ஊத்துங்க" என்றேன்.

பங்குனி மாதம் என்றாலும் எங்கள் தண்ணீர் பனிக்கட்டிதான். மூன்று குடம் ஊற்றினார்கள். என் காலரைப் பிடித்திருந்த கை தளர்ந்து கீழே விழுந்தது. அதன் பிறகு அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அவனை மணைப் பலகையில் உட்கார வைத்து வேப்பிலை கொடுத்தார்கள். ஆட்கள் வரிசையாக வந்து குறி கேட்டார்கள். அவன் நடுங்கிக்கொண்டே ஏதோ சொன்னான். பெரும்பாலும் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னேன். குலவை போட்ட அந்தக் கிழவி வந்து மண்டி போட்டாள். "எம் மக குவைத்துக்குப் போயி மூணு வருசமாச்சு தாயே. பேரப்புள்ள தெனமும் கேக்குது. எப்ப வருவா?"

மகன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். "வந்துருவா" என்றான். "கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள வந்துருவா."

கிழவிக்கு முகமெல்லாம் சந்தோசம். என் மனைவி நின்ற இடத்திலேயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை என் நடையே வேறாக இருந்தது. வயதில் மூத்தவர்கள்கூட என் காலைத் தொட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கோயில்காரர்கள், எங்க திருவிழாவுக்கும் பையனக் கூட்டிட்டு வாங்க என்று கேட்டார்கள். சரி பார்ப்போம் என்று நான் பெரிய மனிதன் மாதிரி பதில் சொன்னேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது.

புதன், வியாழன் அவன் அறையில் சுருண்டு கிடந்தான். கதவுக்கு வெளியே தேங்காயும் பூவும் குவிந்தன. வெள்ளிக்கிழமை காலை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். ஒரு கோப்பை முழுவதும் குடித்தான். நடுக்கம் இல்லை.

"பாத்தியா?" என்றேன் மனைவியிடம். அவள் அவன் முகத்தைத் துடைத்தாள்.

நான் நேராக மைக்கிடம் போனேன். "ஒத்தக் காப்பு" என்று ஆரம்பித்தேன். இந்தத் தடவை எனக்கும் என் மகனுக்கும் சேர்த்து ஆரம்பித்தேன். ஒலிபெருக்கியைக் கோபுரத்தில் கட்டியிருந்ததால் பாலம் வரைக்கும் கேட்கும். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் பாலத்தில் நின்றுகொண்டிருந்தான். கொழுந்துக் கூடையோடு ஏறி வந்த ஒரு பெண் கண்டிருக்கிறாள். என் பேச்சைக் கேட்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றானாம். மணிக்கட்டைப் பார்த்தானாம்.

"சாமி எங்க பொறப்பட்டுருச்சு?" என்று அவள் கேலியாகக் கேட்டாளாம்.

"ஆஸ்பத்திரிக்கி" என்றானாம். சிரித்துக்கொண்டே பாலத்தைத் தாண்டி பஸ் ஏறியிருக்கிறான்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், கட்டி முடிக்காத ஒரு கடையின் படிக்கட்டுக்குக் கீழே அன்று பின்னேரம் அவனைக் கண்டெடுத்தார்கள். பக்கத்தில் வெள்ளித்தாளும் வெறும் மாத்திரை அட்டையும் கிடந்தன. சட்டைப் பையில், அம்மாவின் துணிப் பையிலிருந்து எடுத்துக்கொண்ட கிளினிக் அட்டை இருந்தது. அவன் உண்மையிலேயே ஆஸ்பத்திரிக்குத்தான் புறப்பட்டானா, பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில் பழைய ஆள்களைக் கண்டு மனம் மாறினானா, எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை போயிருந்தால் அவனோடு நான் இருந்திருப்பேன். இது மட்டும் தெரியும்.

அந்த டாக்டர் அம்மாவே வந்து பேசினார். "அஞ்சு நாள் விட்ட ஒடம்பு. பழைய அளவு எடுத்தா தாங்காது. அதுக்குத்தான் நாங்க உள்ளுக்கு வச்சுப் பாக்கிறது" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மரண விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் கேட்டார். "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்லங்க ஐயா. கூட்டாளிங்க கெடுத்துட்டாங்க."

தீய சகவாசம் என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எனக்கு நன்றாக வரும், கட்டட வேலைக் கொந்தராத்துக் கடிதங்களில் போட்டுப் பழகியது.

உடல் வீட்டுக்கு வந்தபோது காப்பு கையிலேயே இருந்தது. பூசாரி தொட மறுத்துவிட்டார். எல்லை தாண்டிய காப்பு, தீட்டு வேறு. நான் அவிழ்க்கப் போனேன். என் விரல் என் முடிச்சில் இறங்கவில்லை. மனைவி என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்து, அந்தக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். மஞ்சள் துணுக்கை வெளியே துப்பினாள். அதற்குப் பிறகு அவள் எனக்குச் சோறு போடுகிறாள், வெந்நீர் வைக்கிறாள். என்னங்க என்று கூப்பிடுவதில்லை.

தோட்டத்தில் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். "எல்லைய தாண்டிட்டான், அம்மா எடுத்துக்கிட்டா. நீங்க என்னா செய்வீங்க?" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். இரண்டு வருசமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். அவன் போனதற்குக் கூட்டாளிகள் காரணம், கொழும்பு காரணம், தூள் விற்கிறவன் காரணம், அம்மன் கோபம் காரணம். அத்தனை பேருக்கும் பங்கு கொடுத்தார்கள். எனக்கு மட்டும் அனுதாபம் கொடுத்தார்கள்.

இதுவரை எழுதியதைச் சபைத் தலைவரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெரியப்பா, கும்பாபிஷேகம் மங்களமான காரியம். மொதப் பக்கத்துல கோபுரம், பிள்ளைக் காம்பரா, தண்ணித் தாங்கி எல்லாம் போடுவோம். தம்பி விசயம் வேணாமே. கடைசிப் பக்கத்துல அவன் படத்தப் போட்டு, இறையடி சேர்ந்தான்னு ஒரு வரி போட்டுருவோம்."

"இறையடிக்கி அவன் போகல தம்பி. ஆஸ்பத்திரிக்கிப் போகணும்னு கேட்டான்."

"எழுதுனா ஒங்களப் பத்தி என்னா நெனைப்பாங்க?"

"கோபுரத்தப் பாத்து நெனைச்சவங்கதானே? இதையும் பாத்து நெனைக்கட்டும்."

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். அதனால் இதை இன்னொரு பிரதி எழுதி வைக்கிறேன். சபைக்கு நான் சொல்வது இதுதான். முதல் பக்கத்தில் நான் கட்டியவற்றை வரிசையாகப் போடுகிறீர்கள் அல்லவா? கோபுரம், பிள்ளைக் காம்பரா, தண்ணீர்த் தாங்கி, கல் அணை. அதற்கு அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில், மகன் கையில் கட்டிய காப்பு என்று போடுங்கள். குடித்த வீட்டில் அவனை வளர்த்ததும், தூங்குவதற்கு மூடி சாராயம் கொடுத்ததும், கூட்டிட்டுப் போங்க என்று காதில் கேட்டவன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றச் சொன்னதும் இந்த ஆள்தான் என்று போடுங்கள். வாசலில் பதிக்கப் போகும் பெயர்க் கல்லிலும் அப்படியே வெட்டுங்கள். வெட்டுகிறவனுக்குக் கை கூசினால் உளியை என்னிடம் கொடுங்கள். நான் செய்த வேலையை இதுவரைக்கும் அடுத்தவன் பெயரில் எழுத விட்டவனில்லை நான். கூட்டாளிகள் பெயரிலும் அம்மன் பெயரிலும் எழுதி வைத்திருக்கிறீர்கள். அழித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள்.